ஐந்தாவது கியர்

பந்தயச் சாலையில், நாலாவது கியரில், அந்தப் பழைய மோரிஸ் மைனர் கார் வழக்கம் போல அலறியது. ரெஜினா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கப் போனாள்.

"எடுக்காதே," என்றான் பக்கத்து சீட்டிலிருந்த அண்ணன் சேவியர். "இன்னும் ஒண்ணு இருக்கு. வலது பக்கம் தள்ளி மேல போடு."

"அங்க ஏதுண்ணே இடம்? இது நாலு கியர் வண்டிதானே?"

"போடேன் ரெஜி."

தள்ளினாள். கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. வேகம் குறையவில்லை, ஆனால் அலறல் சட்டென்று அடங்கியது.

"எப்ப மாத்தினே?"

"நீ ஊருக்குப் போயிருந்தப்ப. புது அஞ்சு கியர் பாக்ஸ். கியர் கம்பி மேல இருக்கிற குமிழ் மட்டும் பழசு. எவனுக்குத் தெரியப்போகுது?"

பழைய கார்களுக்கான இந்தப் பந்தயத்தில் எஞ்சினும் கியர் பாக்ஸும் வண்டியோடு வந்தவையாகவே இருக்க வேண்டும். போன வருஷம் கியர் பாக்ஸை மாற்றிய ஒருவரைப் பிடித்துக் கொடுத்து, பந்தயம் நடத்தும் சங்கத்தை விட்டே விலக்க வைத்தவள் ரெஜினா.

"அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரே, மறந்துட்டியா?"

"மறப்பேனா? அதனாலதான் நம்ம வண்டிக்கு அடியில ஒருத்தனும் குனிஞ்சு பார்க்க மாட்டான்."

முதலாவதாக வந்து நின்றார்கள். நடுவர் மாலையோடு வந்து ஜன்னலருகே குனிந்தார்.

"மைனர் இவ்வளவு அமைதியா வந்து நான் பார்த்ததே இல்லையேம்மா. கியர் பாக்ஸ் பழசுதானே?"

ரெஜினா வாயைத் திறப்பதற்குள் சேவியர் சிரித்தான். "தங்கச்சியையே கேளுங்க சார். அவ பொய் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

நடுவரும் சிரித்துவிட்டார். பதிலுக்குக் காத்திராமல் மாலையை உள்ளே நீட்டினார்.

ரெஜினா எஞ்சினை அணைக்கவில்லை. மாலைக்குத் தலையையும் நீட்டவில்லை. "நீங்களே ஏறி ஓட்டிப் பாருங்க சார், அஞ்சாவது கியர் இருக்கு," என்றாள்.