மாடியில் குதிரைச் சத்தம்

கல்யாண நாளுக்குக் கணவன் வாங்கி வந்த வெள்ளித் தட்டைத் தையல்காரி கூடத்துச் சுவரில் மாட்டினாள். பழைய பாரசீக வேலைப்பாட்டைப் பார்த்துச் செய்தது. பொன்முலாம் பூசிய அரசன் குதிரையில் பறந்தபடியே பின்னால் திரும்பி, துரத்தி வரும் சிங்கத்தின் மேல் வில்லை வளைக்கிறான்.

மறுநாளே கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். "மத்தியானமெல்லாம் உங்க வீட்டுல குதிரை ஓடுதும்மா. கண்ணை மூட முடியல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே இது! அவரு ராத்திரி வேலை முடிச்சு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறாரு. நான் மிஷினை விட்டு எழுந்திரிக்கிறதே இல்ல."

ஆனால் மனுஷர் தினமும் வந்தார். கண் குழி விழுந்து, ஆளே பாதியாகிவிட்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்த குதிரை அது ஒன்றுதான். கணவன் தூங்கும் நேரம் பார்த்துத் தட்டைக் கழற்றி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதைச் சொல்லிவிட்டுப் போகலாமென்று வரும் வழியில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் உதட்டில் விரலை வைத்தபடி உள்ளே அழைத்தார்.

"குதிரை போயிடுச்சும்மா," என்றார் கிசுகிசுப்பாக. "இப்ப வேற ஒண்ணு நடக்குது."

அவளும் அண்ணாந்து பார்த்தபடி காது கொடுத்தாள். இந்த முறை அவளுக்கும் கேட்டது. கனமான, மெத்தென்ற காலடிகள் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றன.

உடனே கணவனுக்கு ஃபோன் போட்டாள். மேலே படுக்கையறையில் மணி அடித்தது.

நின்றிருந்த காலடிகள் அந்தப் பக்கமாகத் திரும்பி நடந்தன.