நகரும் புள்ளி

"புருஷன் எங்க இருக்காருன்னு காட்டுற ஆப்பை என்னைக் கேக்காமலே எப்படி அழிக்கலாம்? என் போன் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பொரிந்தாள் அழைத்தவள்.

காலையிலிருந்து இதே பாட்டுதான் போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பெண்ணுக்கு.

"புருஷனை வேவு பாக்குறது தப்பு மேடம். அதான் எல்லார் போன்லயும் நாங்களே எடுத்துட்டோம். சந்தேகப்பட்டா குடும்பம் ஓடுமா?"

"சந்தேகமில்லம்மா, பயம். மேப்புல அவரைக் காட்டுற புள்ளி தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகருது. நேத்து எங்க தெருமுனை வரைக்கும் வந்துடுச்சு."

"வீட்டுக்குத்தானே வர்றாரு? சந்தோஷப்படுங்க!"

அழைத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் அவரைப் புதைச்சப்ப, சட்டைப்பையில இருந்த போனை எடுக்க மறந்துட்டோம்."

மறுமுனையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"கதவைத் திறக்காதீங்க மேடம்!"

"வீட்டுச் சாவியும் அவரோட அதே பையிலதான் இருக்கு."