தீர்மானத்தில் ஒரு தலை குறைவு

"16.03, ஞாயிறு. இன்று எண்ணியதில் ஒரு தலை குறைகிறது. பிழை என்னுடையது."

டயரியில் இவ்வளவையும் எழுதிவிட்டுக் கிருபாகரன் கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்துத் தாளை மறுபடி பார்த்தான். முப்பத்து நான்கு பெயர்கள். கூட்டத்தில் அவன் எண்ணிச் சொன்னதோ முப்பத்து மூன்று பேர்.

கொழும்பு வெள்ளவத்தையில் அந்தத் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பிற்பகல் குடியிருப்பாளர் கூட்டம். மூன்று மாதத்துக்குக் குறைவாக எவருக்கும் வீடு வாடகைக்கு விடக்கூடாது என்பது தீர்மானம். வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் கை உயர்ந்தால் நிறைவேறும்.

செயலாளர் கிளெமென்ற் கூட்டக் குறிப்பு எழுதும் கொப்பியை அவனிடம் நீட்டினார். "நீர் எண்ணும் தம்பி. நான் எண்ணினா அரைவாசிச் சனம் சண்டைக்கு வரும்."

பதினேழு கைகள். முப்பத்து மூன்று பேரில் பதினேழு. தீர்மானம் நிறைவேறிற்று.

அது யாரைக் குறிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். நான்காம் மாடி ஜவாஹிறா. தன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை அவர் நாள் கணக்கிலும் கிழமைக் கணக்கிலும் விடுகிறார். அவர் வீட்டில் உலை கொதிப்பது அதில்தான். விசா நேர்முகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள், கலியாணத்துக்கு ஒஸ்லோவிலிருந்து வருபவர்கள். அவர்களின் சூட்கேஸ்களால் லிஃப்ட் அடைபட்டுக் கிடக்கும்.

அதே மாடியில் லிஃப்ட் திறந்ததும் முதலில் தெரிவது, ஜவாஹிறாவின் வீட்டுக்கு எதிரே உள்ள கிருபாகரனின் கதவு. அதனால் எல்லோரும் அவனுடைய மணியைத்தான் அடிப்பார்கள்.

வீட்டுக் கதவின் திறப்பு யாரிடம் என்று கேட்பார்கள். அயர்ன் பெட்டி கேட்பார்கள். ஒரு மணமகளின் தாய், சேலைக்கு எந்தச் சங்கிலி பொருந்தும் என்று இரண்டையும் தூக்கிப் பிடித்துக் கேட்டார். இடதுகைச் சங்கிலி என்றான். போகும்போது பயற்றம் பணியாரம் தந்துவிட்டுப் போனார்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பாவின் வீடு இது. கிருபாகரன் இங்கே வந்து இரண்டு வருடம். வேலை, நுகேகொடையில் மாலை நேரப் படவரைஞர் வகுப்பு, திரும்பி வந்தால் இந்த மேசை. வழி தவறி வந்தவர்களைத் தவிர வேறு எவரும் அந்த மணியை அடித்ததில்லை.

கூட்டம் முடிந்து லிஃப்டில் ஜவாஹிறா அவனைப் பார்க்காமலே சொன்னார்: "இனி ஒங்கட பெல்ல ஒருத்தரும் அடிக்க மாட்டாங்க தம்பி. நல்லாப் படிங்க."

லிஃப்ட் கதவு திறந்ததும் அவர் முதலில் இறங்கிப் போனார்.

இப்போது அவன் வகுப்பில் பழகியபடி அளவுகோல் வைத்துக் கூட்ட அறையை வரைந்தான். ஆறு வரிசைக் கதிரைகள். ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தவரின் பெயர். முதல் வரிசையில் கிளெமென்ற், கடைசியில் ஜவாஹிறா. சுவரோடு சாய்ந்து நின்ற இருவருக்கும் இரண்டு வட்டம். தொலைபேசி பேச வெளியே போன மூன்றாம் மாடி வாத்தியார் திரும்பி வந்ததும் நினைவிருந்தது.

முப்பத்து மூன்று இடங்கள் நிரம்பின. எங்கும் மிச்சமில்லை.

எதிரே, ஜவாஹிறா வாடகைக்கு விடும் வீட்டில் சத்தமே இல்லை. நாளை வரவிருந்தவர்களை ஜவாஹிறா மறித்திருக்க வேண்டும்.

படத்தில் இருந்த பெயர்களைக் கையெழுத்துத் தாளில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தான். தாளின் அடியிலிருந்து மேலே. கடைசியில் வெட்டப்படாமல் நின்றது முதலாவது கையெழுத்து. மூன்றரை மணிக்கு, கதிரைகள் போடும் முன்பே, பெரியப்பாவின் அதிகாரக் கடிதத்தைக் காட்டிவிட்டு வைத்தது.

அவனுடையது.

அறையின் முன்னால் ஒரு கையில் கொப்பி, மறு கையில் பேனாவுடன் நின்றவனை எவரும் எண்ணவில்லை. அவனும் எண்ணவில்லை.

முப்பத்து நான்கில் பதினேழு சரிபாதி. பாதிக்கு மேல் இல்லை.

இதைச் சொன்னால், எண்ணத் தெரியாதவன் என்பார்கள். எதிர்வீட்டுக்காரிக்குப் பரிந்து வருகிறான் என்றும் சொல்லக்கூடும். எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தான். கிழிக்கவில்லை. கீழே ஒரு கோடு போட்டான்.

"17.03, திங்கள். செய்ய வேண்டியது: காலை ஆறரைக்கு, வேலைக்குப் போகுமுன், இரண்டாம் மாடி. கிளெமென்ற் அங்கிளிடம் 33ஐ 34 என்று திருத்தச் சொல்வது."