அக்கி யாருக்கு?

என் சாப்பாட்டு டப்பா தெருவில் போய் விழுந்தது. வீசியவள் என் ஓரகத்தி சந்திரம்மாள்.

"எம் பச்சப் புள்ளைக்கு அம்மை போட்டுக்கீது. கம்பெனிக்குப் போயி இன்னா எழவ வாரிக்கினு வந்தியோ!"

தெருவே வேடிக்கை பார்த்தது. வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டில் இப்படிக் கத்தக்கூடாது என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

1991-இல் எங்கள் வல்லத்திலிருந்து மறைமலை நகருக்கு வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான். காருக்கு ஒயர் கட்டும் வேலை. இந்த வீட்டில் நான் நிமிர்ந்து நின்றதே அதனால்தான். அவளுக்கு அது முதல் நாளிலிருந்தே கண்ணை உறுத்தியது.

அவள் புருஷன், என் மூத்தார் கோதண்டராமன், முடிவாகச் சொல்லிவிட்டார்.

"செந்தாமரை வேலையை வுட்டாத்தான் இந்த வூட்ல சோறு."

என் வீட்டுக்காரர் வாயில் கொழுக்கட்டை.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஞானம்மா வந்தார். பிள்ளையின் கொப்புளங்களைப் பார்த்தார். கம்பெனியில் யாருக்காவது அம்மையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப இந்த வூட்ல யாருக்கு அக்கி வந்துச்சு?"

இரண்டும் ஒரே கிருமிதான் என்றார். சின்ன வயதில் அம்மை போட்டவர்களின் உடம்பை விட்டு அது போவதே இல்லையாம். நரம்புக்குள் இருக்கும் வரை வாயே திறக்காதாம். தோலுக்கு வந்துவிட்டால் ஆட்டம்தானாம். அந்த அக்கித் தண்ணீர் பட்டால் பிள்ளைக்கு அம்மையாக வருமாம்.

கூட்டத்திலிருந்து குயவர் நடேசன் முன்னால் வந்தார். அக்கி வந்தால் ஊரே அவரிடம்தான் போகும். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதிவிடுவார்.

"போன மாசம் இந்தப் பொண்ணுதான் காவி வாங்கிக்கினு போச்சு. தனக்குத்தான்னுச்சு. ஆம்பள தொடுற எடம் இல்ல, நானே பூசிக்கிறேன்னுச்சு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படிச் சொல்லித்தான் வாங்கினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தார் காறித் துப்பினார். சந்திரம்மாள் குனிந்து தெரு மண்ணை இரு கையாலும் வாரி என் மேல் தூற்றினாள்.

"என் புள்ளைய சாவடிக்கப் பாத்தியேடி! நீ வெளங்குவியா?"

கண்ணில் மண். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளை அங்கேயே நாலு அறை அறைந்திருப்பேன்.

நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். ரவிக்கையைக் கழற்றிப் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும். என் உடம்பில் ஒரு வடு கிடையாது.

கதவைத் தாண்டும் முன் திரும்பினேன்.

"அக்கா, நீங்களும் உள்ள வாங்க."

அடுத்த பிடி மண்ணை அள்ளியவள் அப்படியே நின்றாள்.

எங்களுக்குள் என்றைக்கும் ஆகாது. ஆனாலும் போன மாதம் அவள் வலியில் துடித்ததைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அவள் இடது மார்புக்குக் கீழே அந்தக் காவியைப் பூசிவிட்டேன். புருஷனுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது ஓய்ந்ததும், பிள்ளையை எடுத்து அந்த மார்பிலேயே பால் கொடுத்தாள்.