கை மேலே ஏறும் வரை

தையல் ஆலையின் முற்றத்தில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. "ரெண்டு கையையும் மேல தூக்குங்க," என்கிறது ஒலிபெருக்கி. முன்வரிசையில் நிற்கும் இருபது வயதுக்காரிகளுக்கு இந்த உடற்பயிற்சி விளையாட்டு. ஒருவரையொருவர் இடித்துச் சிரிக்கிறார்கள். நடுவரிசையில் பிள்ளை பெற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார்கள். கடைசி வரிசையில் காலர் தைக்கும் பெரியக்கா நிற்கிறாள். இருபத்தாறு வருடம் மெஷின்மேல் குனிந்த தோள் போன மாதம் இறுகிவிட்டது. வலது கை மார்புக்கு மேல் ஏறவில்லை. மேற்பார்வையாளர் பேனாவும் அட்டையுமாக வரிசை வரிசையாக வருகிறார். கை தூக்க முடியாதவர்களின் பெயர் அதில் ஏறும். போன வாரம் பெயர் ஏறிய இருவருக்கு இப்போது வேலை இல்லை.

"வலிச்சா உட்காருங்கக்கா," என்று பக்கத்தில் நிற்கும் பட்டன் தைப்பவள் கிசுகிசுக்கிறாள்.

"உட்கார்ந்தா இனி வீட்டுலதான்டி உட்காரணும்."

மேற்பார்வையாளர் நெருங்குவதற்குள் பெரியக்கா பல்லைக் கடித்து, இடது கையால் வலது முழங்கையை உந்தித் தூக்குகிறாள். தோளுக்குள் ஏதோ நறுக்கென்கிறது. இரண்டு கைகளும் மேலே நிற்கின்றன. கண்ணில் நீர் முட்ட, முகம் சிரிக்கிறது.

"பாத்தீங்களா, தினம் செஞ்சா இந்த வயசுலயும் உடம்பு எப்படி வளையுது!" என்று மேற்பார்வையாளர் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அவள் முன்னாலேயே நிற்கிறார்.

"அப்படியே இருங்க," என்கிறது ஒலிபெருக்கி. "இருபது எண்ணுற வரைக்கும் யாரும் இறக்கக் கூடாது."