அளவுக்கம்பு

மழை விட்ட பிற்பகல், மணி மூன்று. ஜமுனா ஆற்றின்மேல் வெயில் தகரம்போல் பளபளக்கிறது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆற்றின் மட்டத்தைப் பார்த்து டாக்காவிலுள்ள வெள்ள எச்சரிக்கை மையத்துக்குச் சொல்வது குல்நஹாரின் வேலை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கரையோரம் ஊன்றிய அளவுக்கம்பின் முன் குனிகிறாள். மதியத்தைவிட நான்கு விரல்கடை கூடியிருக்கிறது. கைப்பேசியில் சொல்கிறாள்.

“என்னக்கா இது? மேல எல்லா ஊர்லயும் வடியுதுங்கிறாங்க. கண்ணாடிய மாட்டிட்டுப் பாருங்க,” என்கிறார் வெள்ள மையத்துக்காரர்.

“என் கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. சந்தேகம்னா நீங்களே வந்து பாத்துக்குங்க!”

வெடுக்கென்று சொல்லிவிட்டு நிமிர்கிறாள். ஆற்றுக்கு நடுவே நிற்கும் மின்கோபுரத்தின் காலில், மதியம் தண்ணீருக்குள் இருந்த இடம் காய்ந்து வெளுத்திருக்கிறது. அங்கே தண்ணீர் வடிந்திருக்கிறது. அப்படியானால் இங்கே ஏறியது தண்ணீர் இல்லை. இறங்கியது கம்பு, கம்பை ஊன்றிய கரை.

“அண்ணி, டீ ஆறுது!” பின்னால் வீட்டு வாசலிலிருந்து கொழுந்தன் மொஃபிஸ் கூப்பிடுகிறான்.

மெல்லத் திரும்புகிறாள். வாசற்பலகையில் அவளுக்காக வைத்த டம்ளரை யாரும் தொடவில்லை. விளிம்புவரை ஊற்றிய டீ, ஆற்றின் பக்கமாக மட்டும் வழிந்துகொண்டிருக்கிறது.