உச்சியிலிருந்து ஒரு வீடியோ கால்

மலை உச்சியில் நின்று ஒரு தடவையாவது கீழே பார்க்க வேண்டும் என்பது கற்பகத்தின் நெடுநாள் ஆசை. இப்போது மஞ்சக்குப்பத்து வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்டாள்.

"நீங்க போயி போன்ல காட்டுங்க, அது போதும்" என்றாள் கணவரிடம்.

ஞானசேகரன் மூச்சிரைக்கக் கல்வராயன் மலை ஏறினார். உச்சியில் ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. வீட்டில் மகள் அம்மாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்பதற்குள் கற்பகம் சிரித்தாள்.

"ஏங்க, எவ்ளோ அழகா இருக்கு! வீடெல்லாம் தீப்பெட்டி மாரி தெரியுது!"

அவர் திரையில் தெரிந்த அவள் கண்களை உற்றுப் பார்த்தார். அவள் மூளையில் இருக்கும் கட்டி இரண்டு மாதத்தில் பார்வையைப் பறித்துவிடும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள்ளேயே பறித்துவிட்டது.

"அந்தப் பக்கம் அருவி விழுது, பாத்தியா கற்பகம்?"

"பாத்தேங்க" என்றாள்.